குட்டியானைக்கு முன்பட்டை சேர்க்கலாமா?

விடிவதற்கு முன்பு சூரமங்கலம் உழவர் சந்தைப் பக்கம் போய் நின்றால், வரிசையாக வரும் சின்ன லோடு வண்டிகளைப் பார்க்கலாம். தாரமங்கலம், ஓமலூர், மேச்சேரிப் பக்கத்துத் தக்காளி, கத்திரி, கீரைக்கட்டு எல்லாம் அதில்தான் வந்து இறங்குகின்றன. காய்களை விட்டுவிட்டு வண்டிகளின் மூக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். சில வண்டிகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு வரும். சில, தரையை மோந்து பார்ப்பதுபோல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரும். ஒன்றிரண்டு, ஒரு பக்கம் சாய்ந்தே வரும்.

மூக்கு தொங்கினால் நம் ஆட்களுக்கு உடனே தோன்றும் வைத்தியம் ஒன்றுதான்: "முன்னாடி ஒரு பட்டை சேர்த்துவிடு." செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கியவர் முதலில் பெயின்ட் அடிக்கிறார், அடுத்து பட்டை சேர்க்கிறார். புது வண்டி வாங்க வசதியில்லை. இருக்கிற வண்டியைக் குறைந்த செலவில் தோட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும். அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வண்டியின் முன்பக்கம் என்பது வெறும் பாரம் தாங்கும் இடமல்ல. திருப்புவது, நிறுத்துவது இரண்டுமே அங்கேதான் நடக்கிறது. பின்பட்டையில் செய்த தப்பு பெரும்பாலும் டயரைத் தின்னும். முன்பட்டையில் செய்த தப்பு ஆளைத் தின்னும்.

சேலம், நாமக்கல் சீமைக்கு இந்த வேலை புதிதல்ல. சங்ககிரி லாரிகளுக்குப் பேர் போனது. திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளுக்கும், நாமக்கல் லாரி பாடி கட்டுவதற்கும் பேர் போனவை. பட்டை வேலை செய்யும் பட்டறை இல்லாத சாலையே இங்கே இல்லை எனலாம். கைத்திறனுக்குக் குறைவில்லை. ஒரே ஒரு சிக்கல் உண்டு. லாரியில் பழகிய கை, குட்டியானைக்கும் லாரிக் கணக்கையே போட்டுவிடுகிறது. பல டன் தாங்கும் ஆக்சிலுக்குச் செய்வதை முக்கால் டன் வண்டிக்குச் செய்தால் பட்டை தாங்கும்; பட்டைக்குக் கீழே இருப்பது தாங்காது.

வில் வண்டியிலிருந்து

பட்டை நமக்கு அந்நியமான சாமானும் அல்ல. தாத்தா காலத்தில் மாமியார் வீட்டுக்குப் போக வைத்திருந்த மாட்டு வண்டிக்கு வில் வண்டி என்று ஏன் பெயர் வந்தது? அச்சுக்கு மேலே வில்போல் வளைந்த இரும்புப் பட்டைகள் இருந்ததால்தான். கட்டை வண்டியில் போனால் முதுகு கழன்றுவிடும், வில் வண்டியில் போனால் தூக்கம் வரும். அதே வில்தான் இன்று குட்டியானையின் அடியிலும் இருக்கிறது.

டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது 702 சி.சி. டீசல் இன்ஜினும் 750 கிலோ பாரம் ஏற்றும் கணக்குமாக வந்தது. முன்பக்கம் ஒரே நீள ஆக்சில், அதற்கு இரண்டு பக்கமும் பட்டை. இந்த அமைப்பு எளிமையானது, உறுதியானது, கிராமத்து மெக்கானிக்குக்குப் புரிவது. சில கம்பெனி சின்ன லோடு வண்டிகளில், உதாரணமாக மாருதி சூப்பர் கேரியில், முன்பக்கம் பட்டை கிடையாது. காரில் இருப்பதுபோல் சுருள் ஸ்பிரிங்கும் ஸ்ட்ரட்டும்தான். அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தப் பட்டைக் கதை பொருந்தாது.

பாரம் எங்கே உட்காருகிறது?

பட்டறைக்குப் போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். 750 கிலோ பாரத்தின் நடுமையம் பின் ஆக்சிலுக்கு 40 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. 2 மீட்டரில் 40 சென்டிமீட்டர் என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 150 கிலோ மட்டுமே முன்பக்கம் இறங்கும். மீதி 600 கிலோவும் பின்பக்கம்தான்.

அதே இடத்தில் இரண்டு மடங்காக 1,500 கிலோ ஏற்றினாலும் முன்னால் கூடுவது இன்னொரு 150 கிலோதான். பின்னால் 1,200 கிலோ. அப்படியானால், லோடு ஏற்றியதால் முன்பட்டை படுத்துவிட்டது என்று சொல்வது பெரும்பாலும் சரியில்லை. காலியாக நிற்கும்போதே மூக்கு தொங்கினால் பட்டை சோர்ந்துபோயிருக்கிறது, அல்லது உள்ளே ஒரு பட்டை முறிந்திருக்கிறது, அல்லது ஷாக்கிள் புஷ் தேய்ந்திருக்கிறது. சோர்ந்த பட்டையோடு புதுப் பட்டை ஒன்றைச் சேர்த்தால், ஏற்கெனவே தளர்ந்த மாட்டோடு காளைக் கன்றைப் பூட்டிய கதைதான். புதியது மொத்தப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு சீக்கிரம் முறியும்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மரவள்ளி மூட்டைகளை டெயில் போர்டுக்கு வெளியே நீட்டி அடுக்குகிறோம். பாரத்தின் மையம் பின் ஆக்சிலுக்கு 20 சென்டிமீட்டர் பின்னால் போய்விடுகிறது. 1,500 கிலோ பாரத்தில் பத்தில் ஒரு பங்கு, 150 கிலோ, முன்பக்கத்திலிருந்து தூக்கப்படுகிறது. ஏற்றத்தின் ஒரு நுனியில் ஆள் நின்றால் மறு நுனி எழும்புவதுபோல. முன் சக்கரம் தரையில் சரியாக உட்காரவில்லை. ஸ்டீயரிங் வெண்ணெய்போல் லேசாகத் திரும்பும். ஓட்டுபவர் அதைச் சுகமென்று நினைப்பார். மழை ஈரத்தில் வளைவு வந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகப் போகும்.

இதற்கு முன்பட்டை எதற்கு? மூட்டையை இரண்டு அடி முன்னால் நகர்த்தி அடுக்கினால் போதும். காசில்லாத வைத்தியம். சேகோ ஆலைக்கு மரவள்ளி ஏற்றுபவர்கள், வாழைத்தார் ஏற்றுபவர்கள் இருவரும் இதை முதலில் பார்க்க வேண்டும். கனமான மூட்டைகள் கேபினை ஒட்டியும், லேசானவை பின்னாலும் இருக்கட்டும்.

கொல்லிமலையிலிருந்து அன்னாசி, பலா ஏற்றி 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது பின்பாரம் முன்னால் பாய்கிறது. சமவெளியில் 150 கிலோ தாங்கிய முன்பக்கம் அந்த நிமிடத்தில் அதற்குப் பல மடங்கு தாங்க வேண்டியிருக்கும். அங்கே நம்மைக் காப்பாற்றுவது நல்ல ஷாக் அப்சார்பரும், தேயாத கிங் பின்னும், நல்ல பிரேக்கும்தான். கூடுதல் பட்டை அல்ல.

ஒரு மில்லிமீட்டர் என்ன செய்யும்?

மூன்று சம கனப் பட்டைகள் இருக்கும் இடத்தில் அதேபோல் நான்காவது ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தெரியாத கணக்கு கனத்தில் இருக்கிறது. பட்டையின் விறைப்பு அதன் கனத்தைப் பொறுத்து மூன்று மடிப்பாக ஏறும். 7 மி.மீ. பட்டைக்குப் பதில் 8 மி.மீ. போட்டால், 7 x 7 x 7 = 343 என்பது 8 x 8 x 8 = 512 ஆகிறது. ஒரே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். விறைப்போ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 6 மி.மீ. இடத்தில் 8 மி.மீ. போட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். "பழைய லாரிப் பட்டை ஒன்று கிடக்கிறது, அதை வெட்டிப் போட்டுவிடலாம்" என்று பட்டறையில் சொல்லும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

விறைப்பு கூடினால் என்ன கெட்டுப்போகிறது? பள்ளத்தில் விழும் அடியைப் பட்டை வளைந்து விழுங்குவதற்குப் பதிலாக, கிங் பின்னுக்கும் வீல் பேரிங்குக்கும் ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் தள்ளிவிடுகிறது. அவற்றை யாரும் பெரிதாக்கவில்லையே. கடைசியில் சேஸிஸில் பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட் பக்கம் முடிபோல் விரிசல் விடும். தக்காளிக்கும் இது ஆகாது. விறைத்த வண்டியில் வந்த கிரேடில் அடித்தட்டுப் பழம் கூழாகி இறங்கும்.

இன்னொரு விஷயம். குட்டியானை ரக வண்டிகளின் முன்னால் இருப்பது பழைய லாரிப் பட்டை மாதிரியானது அல்ல. நடுவில் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலிந்து வரும் பாரபோலிக் பட்டை. ஒன்றோடொன்று நெடுக உரசாமல் நடுவிலும் நுனியிலும் மட்டும் தொடும்படி செய்திருப்பார்கள். அதன் நடுவே சாதாரணத் தட்டைப் பட்டையைச் செருகினால் உரசும் இடத்தில் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்தில்தான் முறியும். பாரபோலிக் பட்டை சோர்ந்துவிட்டால் கம்பெனி அளவில் முழு செட்டாக, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுவதே சரி. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று போட்டால் வண்டி சாய்ந்தே நிற்கும். பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கும்.

பின்னால் தூக்கினால் முன்னால் அலையும்

நம் வண்டிகளில் பின்பட்டை சேர்ப்பதுதான் அதிகம். அதன் விளைவு முன்னால் தெரிகிறது என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

சைக்கிளின் முன் ஃபோர்க் நேராக நிற்காமல், மேல்பக்கம் பின்னால் சாய்ந்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் வண்டியின் கிங் பின்னும் சில டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். இதற்குக் காஸ்டர் என்று பெயர். வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது இந்தச் சாய்வினால்தான். பின்பக்கத்தை 5 சென்டிமீட்டர் தூக்கினால், 2 மீட்டர் நீள வண்டி ஏறக்குறைய ஒன்றரை டிகிரி முன்னால் கவிழும். இருக்கிற சாய்வே சில டிகிரிதான். அதில் ஒன்றரை போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

லோடு இருக்கும்போது பின்பக்கம் படுத்துவிடுவதால் கோளாறு தெரியாது. சந்தையில் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு பைபாஸில் வீடு திரும்பும்போது தெரியும். ஸ்டீயரிங் அலையும். பக்கத்தில் ஒரு பஸ் கடந்தால் வண்டி நடுங்கும். ஓட்டுபவர் டயரைக் குறை சொல்வார், அலைன்மென்ட் பார்ப்பார், டோ-இன்னைத் திருகுவார். வியாதி வேறு இடத்தில் இருக்கிறது.

முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் இதற்கு எதிர்மாறு. சாய்வு கூடிப்போய் ஸ்டீயரிங் கனக்கும், சில வேகத்தில் கையில் நடுக்கம் வரும். அதோடு டிராக் லிங்க் சரிவாகிவிடுவதால், பள்ளத்தில் பட்டை அமுங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பும். பிரேக் ஹோஸும் இழுபடும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஹோஸ் விறைத்து நின்றால் அது ஒருநாள் கழன்றுவிடும்.

இதே பாடத்தை உலகத்தின் இன்னொரு மூலையில் படித்தவர்கள் உண்டு. 1930, 40-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, வேகத்துக்காகப் பிரித்து மேய்ந்தார்கள். ஹாட் ராடு என்று அந்த வண்டிகளுக்குப் பெயர் வந்தது. அந்த ஃபோர்டுகளில் முன்னால் இருந்தது ஒரே ஒரு பட்டைக்கட்டு. ஆக்சிலுக்கு இணையாகக் குறுக்கே வளைத்து வைத்த வில். நாம் உயரத்துக்காகப் பட்டை சேர்க்கிறோம். அவர்கள் தாழ்வதற்காகப் பட்டையைக் கழற்றினார்கள். ஆக்சிலையே பழுக்கக் காய்ச்சி வளைத்தவர்களும் உண்டு. கழற்றினாலும் சேர்த்தாலும் வரும் தொல்லைகள் ஒன்றுதான்: சாய்வு மாறும், லிங்க் கோணலாகும், அடி வேறு எங்கோ போய் விழும். அவர்களுடைய வண்டி பந்தயத் திடலில் ஓடியது. நம்முடையது பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் சாலையில் ஓடுகிறது.

சாய்வு குறைந்த வண்டிக்குச் சரியான பரிகாரம் ஒன்று இருக்கிறது: ஆப்பு. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கும், ஒரு முனை தடித்த எஃகுத் தகடு. ஆக்சில் பட்டைக்குக் கீழே இருக்கும் வண்டியில் தடித்த முனை பின்பக்கம் பார்த்து இருந்தால் காஸ்டர் கூடும். தகட்டின் நடுவே ஓட்டை இருக்க வேண்டும். சென்டர் போல்ட்டின் தலை அந்த ஓட்டை வழியாக ஆக்சிலின் குழியில் நன்றாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பிரேக் போடும்போது ஆக்சில் நழுவும். தகரத் துண்டை மடித்து வைப்பது, அலுமினியத் தகடு வைப்பது எல்லாம் கொஞ்ச நாளில் நசுங்கி, யூ போல்ட்டைத் தளர்த்திவிடும். எத்தனை டிகிரி என்பதைக் கண் மதிப்பில் சொல்லக் கூடாது. அலைன்மென்ட் மிஷினில் அளந்த பிறகு முடிவு செய்யட்டும்.

நெருப்பு காட்டக் கூடாத சாமான்கள்

பட்டறைகளில் கேஸ் டார்ச் எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். பட்டை என்பது சூடேற்றி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடு காட்டிப் பதப்படுத்திய எஃகு. அதைச் சிவக்கக் காய்ச்சி வளைத்தால் பதம் போய்விடும். அன்றைக்கு உயரமாக நிற்கும்; ஒரு மாதத்தில் மறுபடி படுக்கும், இல்லையென்றால் முறியும். சூடு காட்டாமல் சுத்தியலால் தட்டி வளைவு ஏற்றுவது பழைய தட்டைப் பட்டைக்கு ஓரளவு சரி. நெருப்பு காட்டினால் முழுசாகப் பதப்படுத்தும் உலை உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும்.

ஸ்டீயரிங் ஆர்ம், டை ராடு, டிராக் லிங்க், ஸ்டப் ஆக்சில் நான்கையும் வெல்டிங் வைக்கக் கூடாது, காய்ச்சி நிமிர்த்தவும் கூடாது. கோணலானால் மாற்ற வேண்டியதுதான். டை ராடு பார்ப்பதற்கு வெறும் கம்பிதான், வெல்டு வைத்தால் ஒட்டிக்கொள்ளும், ஓடவும் ஓடும். அது விடும் நாள் எது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. பட்டைக்கட்டின் மீது வெல்டிங் எர்த் கிளாம்பை மாட்டுவதும் கெடுதல். பொறி பட்ட சின்னப் புள்ளியிலிருந்தே விரிசல் தொடங்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

பட்டறைக்குக் காசு கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் செலவழித்தால் கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும்.

பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் உறுதியான கட்டை கொடுங்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீட்டில் ஒருவரைப் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் புஷ். இந்த ஒரு சோதனை தேவையில்லாத செலவை மிச்சப்படுத்தும். கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிப்பதும் இப்படித் தூக்கி வைத்துத்தான். பாரம் இறங்கியிருக்கும்போது அடித்தால் தேயும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது.

டோ-இன் பார்க்க நூலும் டேப்பும் போதும். தூக்கிய சக்கரத்தைச் சுற்றிவிட்டு, நடுவில் ஆணி பிடித்து டயரைச் சுற்றிலும் ஒரு கோடு போடுங்கள். இரண்டு டயருக்கும் போட்ட பிறகு இறக்கி, வண்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்துங்கள். ஆக்சில் உயரத்தில், முன்பக்கம் கோட்டுக்குக் கோடு எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று அளந்தால், முன்னளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். சரியான எண் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். இரண்டு டயரும் வெளி ஓரம் தேய்ந்தால் டோ-இன் அதிகம். இரண்டும் உள் ஓரம் தேய்ந்தால் சக்கரங்கள் வெளியே பார்க்கின்றன.

கடைசியாக, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவுக்கு இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைந்தால் சென்டர் போல்ட் முறிந்து ஆக்சில் நகர்ந்திருக்கலாம். வண்டி எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது?

எத்தனை பட்டை சேர்த்தாலும் ஆர்.சி.யில் எழுதிய எடை ஒரு கிலோகூட ஏறாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது. அந்த வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய் வீதம் மேலும், அதோடு சரக்கையும் அங்கேயே இறக்கச் சொல்வார்கள். தேய்ந்த பட்டை, புஷ், கிங் பின் ஆகியவற்றைக் கம்பெனி அளவில் மாற்றுவது ரிப்பேர், அதற்குத் தடையில்லை. பில்லைப் பத்திரமாக வையுங்கள். எஃப்.சி. காட்டும்போதும், விபத்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் கேள்வி வந்தால் கையில் பதில் இருக்கும்.

பட்டை மாற்றினால் யூ போல்ட்டையும் புதிதாகவே போடுங்கள். ஒருமுறை இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடி பிடிக்காது. கடையில் மரை வெட்டிய சாதாரணக் கம்பியை வளைத்துக் கொடுத்தால் வாங்க வேண்டாம். முதல் லோடு ஓடி வந்ததும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நட்டுகளை ஸ்பேனர் போட்டு மறுபடி முறுக்குங்கள். பட்டைகள் அமர்ந்து கட்டு தளர்ந்திருக்கும். முறுக்கிய பிறகு நட்டின் மேலிருந்து தகடு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்துவிட்டால், அடுத்த வாரம் டார்ச் அடித்துப் பார்க்கும்போதே நட்டு நகர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.